பித்தளைக் கிண்ணமும் பச்சைக் காரும்

என் கணவர் தேவதாசனுக்கு உலகத்தில் ஒரே ஒரு பயம்தான் உண்டு. காரின் றேடியேற்றர் கொதித்துவிடும் என்ற பயம். யாழ்ப்பாணத்தில் வாடகைக் கார் ஓடிய காலத்தில், வவுனியா வெயிலில் பொனற்றைத் திறந்துவைத்து, ஆவி அடங்கும்வரை றோட்டோரம் குந்தியிருந்த மனிதர். அந்தப் பயத்தையும் உடுப்போடு சேர்த்துப் பெட்டியில் கட்டிக்கொண்டுதான் மொன்றியலுக்கு வந்தார். வெளியே பூச்சியத்துக்குக் கீழே இருபத்தைந்து பாகை குளிர். எங்கள் பழைய பச்சைக் காரின் டிக்கிக்குள் மனிதர் ஒரு கான் தண்ணீர் வைத்திருந்தார், கொதித்தால் ஊற்றுவதற்கு! அது மார்கழி முதல் வாரமே கல்லாய் உறைந்து கானைப் பிளந்துகொண்டு வெளியே வந்துவிட்டது.

"உங்கட கான் பிள்ளை பெத்திருக்கு, போய்ப் பாருங்கோ" என்றேன்.

எனக்கு அப்போது எட்டு மாதம். எண்பத்தாறாம் ஆண்டு. தலைப்பிள்ளை. அம்மாவோ அக்காவோ பக்கத்தில் இல்லாமல் பெறப்போகிற பிள்ளை. அதனால் எனக்கும் ஒரு பயம் இருந்தது. ஆனால் என் பயத்துக்கு நியாயம் இருந்தது. எங்கள் காருக்குள் சூடு வருவதில்லை.

வருவதில்லை என்றால் கொஞ்சம்கூட வருவதில்லை. விடிய எழும்பி அவர் காரை ஸ்ரார்ட் பண்ணுவார். ஹீற்றர் காற்றை முழுதாகத் திருப்பிவிடுவார். அரை மணித்தியாலம் அது வாசலில் நின்று உறுமும். பேந்து நான் போய் ஏறினால், ஐஸ்பெட்டிக்குள் தலையை விட்ட மாதிரிக் காற்று முகத்தில் அடிக்கும். கண்ணாடியின் உள்பக்கம் பனி பிடித்திருக்கும். அவர் ஒரு கையால் அதைச் சுரண்டிக்கொண்டே, என்னைப் பிரெஞ்சு வகுப்பில் இறக்கிவிட்டு, லவாலில் தான் வேலை செய்த பிஸ்கட் தொழிற்சாலைவரைக்கும் ஓட்டிப்போவார். எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"இதைவிட நடந்து போகலாம். நடந்தா உடம்பாவது சூடாகும்."

"பொறும் அக்னெஸ். பழைய கார். மெல்லமாத்தான் சூடேறும்."

"எப்ப? சித்திரையிலயோ?"

கீழ்வீட்டில் இருந்த நீக்கிலாப்பிள்ளை அண்ணை மன்னார்க்காரர், எங்களுக்கு ஒரு வருடம் முந்தி வந்தவர். இங்கத்தைய சனம் காரின் முன்பக்கம், றேடியேற்றருக்கு முன்னால் கார்ட்போர்ட் மட்டை செருகி ஓடுவதைக் கண்டிருக்கிறார். "தேவதாசன், ஒரு மட்டையை வைச்சுப் பாருமன். குளிர்காத்துப் படாட்டி என்ஜின் கெதியாச் சூடாகுமாம்" என்று சொன்னார். என் கணவர் அவரைப் பார்த்த பார்வையில், அண்ணை ஏதோ எங்கள் பிள்ளையின் மூக்கைப் பொத்தச் சொன்னாரோ என்று யாரும் நினைத்திருப்பார்கள்.

"றேடியேற்றரை மூடுறதோ? கொதிச்செல்லே போகும்!"

"எப்பிடியப்பா கொதிக்கிறது? இந்தக் குளிரிலயோ?"

"நான் பன்ரெண்டு வருசம் கார் ஓடினவன் அண்ணை" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார். அந்தப் பன்னிரண்டு வருடம் என்ற சொல் வந்துவிட்டால் அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் கதை இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் மருத்துவமனையில் என்னைப் பார்த்த தாதி ஒருத்தி எனக்குச் சொன்னாள். நல்ல பெண். பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுபோகிற அன்று காரை முதலே சூடாக்கிக் கொண்டுவரச் சொல்லுங்கள், பிறந்த பிள்ளைக்குத் தன் சூட்டைக் காப்பாற்றத் தெரியாது, இந்த ஊர்க் குளிர் அதற்குக் கூடாது என்றாள். அரசாங்க வகுப்பில் நான் படித்த பிரெஞ்சுக்கு அவ்வளவும் தெளிவாக விளங்கியது. விளங்காமலே இருந்திருக்கலாம். அன்றைக்கு முழுக்க அழுதேன்.

"உங்கட கார் சூடாகாட்டி, அதில என்ர பிள்ளையை ஏத்தமாட்டன். சொல்லிப்போட்டன்."

"டாக்சி பிடிப்பம்" என்றார் அவர், குரல் இறங்கி.

"அண்டைக்கு டாக்சி. பேந்து? ஊசி போடக் கொண்டுபோக? கோயிலுக்கு? ஞானஸ்நானத்துக்கு? வைகாசி வரைக்கும் பிள்ளையைப் பெட்டிக்குள்ள வைச்சுப் பூட்டுறதோ?"

அவர் தன் பெரிய கம்பளிக் கோட்டை எடுத்து, அதற்குள் ஒரு பிள்ளை கொள்ளுமா என்று அளந்து பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

வேறு வழியில்லாமல் மாதாவிடம் போனேன். குசினி மூலையில், அடுப்புக்குப் பக்கத்தில், ஒரு பலகைத் தட்டில் எங்கள் மாதா சொரூபம். அதற்கு முன்னால் ஒரு பித்தளைக் கிண்ணம், மெழுகுதிரி வைக்க. ஆடி மாதம் கார் வாங்கின புதிதில், என் கணவர் ஒரு நாள் முழுக்கப் பொனற்றுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்று, "இதுக்குத் தேவையில்லாத ஒரு சாமான்" என்று எதையோ கழற்றிக்கொண்டு வந்தார். உள்ளங்கை அளவில் வட்டம், நடுவில் ஒரு சின்னத் தட்டு, கீழே ஒரு சுருள்கம்பி. அதைத் தேசிக்காய்ப் புளி போட்டு மினுக்கி, கிண்ணமாக்கி மாதாவுக்கு முன்னால் வைத்தவரும் அவர்தான். வடிவாகத்தான் இருந்தது. ஒரே ஒரு குறை. மெழுகுதிரி எரிந்து அடிக்கு வரும்போது கிண்ணம் 'டிக்' என்று ஒரு சத்தம் போடும். நடுத்தட்டு கீழே இறங்கும். திரி சாய்ந்துவிடும். பேந்து ஆறினதும் தட்டு தானாக மேலே வந்து மூடிக்கொள்ளும்.

"கண்டறியாத கிண்ணம். செபம் முடியவும் விடுதில்லை" என்று நான் ஒவ்வொரு பின்னேரமும் அதைத் திட்டுவேன். திட்டிவிட்டு, திரியை நிமிர்த்திவிட்டு, "மாதாவே, அந்தக் காரைச் சூடாக்கித் தாரும்" என்று மன்றாடுவேன்.

நத்தார்ப் பண்டிகை முடிந்த சனிக்கிழமை காலை, நான் அவரையும் காரையும் கிளப்பிக்கொண்டு எதிர்த்தெருவில் இருந்த றேயால் என்ற மெக்கானிக்கின் கராஜுக்குப் போனேன். போக மாட்டேன் என்று நின்றவரை, "நீங்கள் வராட்டி நானே இந்த வயித்தோட ஓட்டிக்கொண்டு போறன்" என்று சொல்லித்தான் கூட்டிப்போனேன். எனக்குக் கார் ஓடத் தெரியாது என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் வந்தார்.

றேயால் தொப்பை வைத்த, சிரித்த முகக்காரன். "பொன்ஜூர் மதாம்" என்று எனக்கு இருக்க ஒரு கதிரையைத் தூக்கிப் போட்டான். அவனுக்குத் தமிழ் இல்லை, என் கணவருக்குப் பிரெஞ்சு இல்லை. ஆகவே மொழிபெயர்ப்பு என்னுடைய கையில். நான் விடுவேனா?

அவன் என்ஜின் மேலே இருந்த தடித்த குழாய் ஒன்றைத் தொட்டுப் பார்த்தான். இரண்டு திருகாணியைக் கழற்றி ஒரு மூடியைத் திறந்தான். உள்ளே பார்த்தான். கைவிளக்கை எடுத்துத் திரும்பவும் பார்த்தான். பிறகு நிலத்தில் தேடினான். கடைசியில் தலையைச் சொறிந்துகொண்டு, இதற்குள் இருந்த தேர்மோஸ்ரற் எங்கே, யாராவது களவெடுத்தார்களா என்று கேட்டான்.

நான் தமிழில் சொன்னேன். என் கணவரின் நெஞ்சு நிமிர்ந்தது.

"நான்தான் கழட்டினனான் எண்டு சொல்லும். எங்கட ஊரில கார் ஓடுற எல்லாரும் முதல் வேலையா அதைத்தான் கழட்டுவினம். அது இல்லாட்டித்தான் தண்ணி தடையில்லாமல் ஓடும், என்ஜின் குளிரா இருக்கும்."

சொன்னேன். றேயால் காரைப் பார்த்தான், வெளியே கொட்டுகிற பனியைப் பார்த்தான், என் கணவரைப் பார்த்தான். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தான்.

சிரித்து முடித்து அவன் விளங்கப்படுத்தினான். காருக்குள் வருகிற சூடு வேறெங்கிருந்தும் வருவதில்லையாம். என்ஜினுக்குள் சூடேறுகிற, உறையாமல் மருந்து கலந்த தண்ணீர்தான் டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு குட்டி றேடியேற்றருக்குள் வந்து போகிறது. அதன்மேல் காற்றாடி ஊதினால் நமக்குச் சூடு. காலையில் தண்ணீர் குளிர்ந்து கிடக்கும். அது சூடேறும்வரை தேர்மோஸ்ரற் வாயை மூடிக்கொண்டு, தண்ணீரை முன்பக்கத்துப் பெரிய றேடியேற்றருக்குப் போகவிடாமல் மறிக்கும். என்ஜினையும் அந்தக் குட்டியையும் மட்டும் சுற்றிச் சுற்றி அது கெதியாகச் சூடாகும். நல்லாகச் சூடேறினால்தான் வாயைத் திறக்கும். தேர்மோஸ்ரற் இல்லாவிட்டால் முதல் நிமிடத்திலிருந்தே எல்லாத் தண்ணீரும் முன்னால் போய்க் குளிர்காற்றில் ஆறிக்கொண்டே இருக்கும்.

நான் இதை என் பாணியில் மொழிபெயர்த்தேன். "அடுப்பில கேத்திலை வைச்சுப்போட்டு, அதுக்குள்ள பைப்பைத் திறந்துவிட்ட மாதிரியாம். எந்த விசரனும் அப்பிடிச் செய்யமாட்டானாம்."

"விசரன் எண்டு அவன் சொன்னவனோ?"

"முகத்தில சொன்னவன்."

புதிது ஒன்று போட்டால் சரி. ஆனால் சாமான் கடை புதுவருடம் கழிந்துதான் திறக்கும் என்றான் றேயால். என் பிள்ளை காலண்டர் பார்த்தா வரும்? இதைப்போல ஒன்று என்று அவன் வேறொரு காரின் தேர்மோஸ்ரற்றை மேசையில் வைத்தான். அளவு எங்களுடையதைவிடச் சின்னது, பொருந்தாது.

வட்டம். நடுவில் ஒரு சின்னத் தட்டு. கீழே சுருள்கம்பி.

"ஐயோ மாதாவே!" என்று நான் எழும்பிவிட்டேன். பிள்ளைதான் வருகிறது என்று நினைத்து றேயால் தொலைபேசிக்கு ஓடினான். "நில்லுங்கோ, நில்லுங்கோ" என்று தமிழிலேயே கத்தினேன். என் கணவர் மேசையைப் பார்த்தார். முகம் வெளிறிப்போய்விட்டது. கோட்டும் போடாமல், பனிக்குள் வீட்டைப் பார்த்து ஓடினார்.

திரும்பி வரும்போது அரைவாசி எரிந்த மெழுகுதிரியும் கிண்ணத்தில் அப்படியே இருந்தது. றேயால் அதைக் கண்டு சிலுவை போட்டுக்கொண்டான். மெழுகைச் சுரண்டித் துடைத்தான். சட்டி ஒன்றில் தண்ணீர் கொதிக்கவைத்து அதற்குள் கிண்ணத்தைப் போட்டான். மாதக்கணக்காக நெருப்புக்குக் கீழே கிடந்த சாமான் வேலை செய்யுமோ தெரியாது என்றான். மூன்று பேரும் சட்டியைச் சுற்றி நின்றோம். தண்ணீர் குமிழியிட்டது. ஒன்றும் நடக்கவில்லை. என் கை என்னை அறியாமல் வயிற்றில் போய் நின்றது.

'டிக்.'

பின்னேரந்தோறும் நான் திட்டிய அதே சத்தம். தட்டு இறங்கி வாய் திறந்தது. மாதாவிடம் கேட்டுக் கேட்டு நான் களைத்தேனே, அவ ஒவ்வொரு நாளும் எனக்குப் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறா. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

என் கணவருக்கு உயிர் திரும்பிவிட்டது. "சூடேறும் மட்டும் வாயை மூடிக்கொண்டிருக்கும். சூடேறினாத் திறக்கும். எங்கட வீட்டிலையும் ஒண்டு இருக்கு" என்றார்.

"நான் சூடேறாமலும் திறப்பன், தெரியுந்தானே?"

றேயால் பூட்டி முடித்ததும் நாங்கள் ஏறினோம். வழக்கம்போல அவர் கை காற்றாடிப் பக்கம் போனது. ஒரு தட்டுத் தட்டினேன். டாஷ்போர்டில் சூடு காட்டும் முள் ஏறும்வரை காற்றைத் திறக்காதே, வாசலில் நின்று உறுமாமல் மெல்ல ஓட்டு, ஓடினால்தான் கெதியாகச் சூடாகும் என்று றேயால் சொல்லியிருந்தான். மெல்ல ஓட்டினார். நாலைந்து தெரு கடந்தது. முள் அசைந்தது. இன்னும் கொஞ்சம். "இப்ப" என்றேன். காற்று வந்தது. முதலில் பச்சைத் தண்ணீர் மாதிரி, பிறகு வெதுவெதுப்பாக, பிறகு கால்விரல் வரைக்கும் நல்ல சூடாக. கையுறையைக் கழற்றிவிட்டு இரண்டு கையையும் அதற்கு முன்னால் பிடித்தேன். சந்தோசத்தில் எனக்குப் பேச்சு வரவில்லை. அப்படி ஒரு நாள் எங்கள் கலியாண வாழ்க்கையில் முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

மகள் தை நடுவில் பிறந்தாள். வீட்டுக்குக் கொண்டுபோகிற அன்று மருத்துவமனை வாசலில் காற்று ஊளையிட்டது. தாதி காரின் கதவைத் திறந்து உள்ளே கையை விட்டுப் பார்த்துவிட்டு, "பர்ஃபே", அருமை, என்று சிரித்தாள். சும்மாவா? என் கணவர் ஒரு மணித்தியாலமாக மருத்துவமனையைச் சுற்றிச் சுற்றிக் காரை ஓட்டியிருக்கிறார். முன்பக்கத்தில் மட்டைகூடச் செருகியிருந்தார். உள்ளே சேர்ட்டோடு, வேர்த்து ஒழுக இருந்தவர் பின்னுக்குத் திரும்பி, "வெக்கையோ மகள்?" என்று கேட்டார். அவருடைய கண் கலங்கியிருந்தது. என்னுடையதும்தான்.

ஆனி மாதம் வெயில் கொளுத்தத் தொடங்கியது. ஒரு ஞாயிறு காலை, பூசைக்குப் போக மகளோடு வாசலுக்கு வந்தேன். பச்சைக் காரின் பொனற் திறந்து கிடந்தது. மனிதர் ஸ்பானரோடு நின்று என்ஜினைச் சுற்றிச்சுற்றிப் பார்க்கிறார்.

"என்ன பாக்கிறியள்?"

"இல்லை... இந்த வெயிலுக்குக் கொதிச்சாலும் எண்டு..."

நான் கிட்டப் போய் ஸ்பானரை வாங்கி என் கைப்பைக்குள் போட்டேன். மகளைத் தூக்கி அவருடைய இரண்டு கையிலும் கொடுத்துவிட்டு, பொனற்றை நானே மூடினேன்.