முழுப் பசையுடன்

ஆலத்தூர் மகா டீச்சர் அனுப்பிய படத்தைத் திறந்ததும் வைத்தீஸ்வரன் கண்ணில் பட்டது மகாராஜாவின் காதருகே இருந்த துருப்புள்ளி. கொச்சி சமஸ்தானத்துத் தபால்தலை, நாற்பதுகளில் வந்தது. வலது மூலையில், துளையிட்ட ஓரத்தில் ஒரு பல் குட்டை. ‘மட்டாஞ்சேரிப் பழைய வீட்டுத் தொகுப்பு. முழுப் பசையுடன்’ என்று விற்பனைப் பக்கத்தில் போட்டிருந்தது. விற்பவர் பெயர் ஏதோ ஒரு கடைப்பெயர். விலை பதினெட்டாயிரம். ஐந்து மணிக்குள் பணம் கட்ட வேண்டும், வாங்கலாமா என்று டீச்சர் தனியாகக் கேட்டிருந்தார். ஸ்டாம்ப் சேர்ப்பவர்களின் வாட்ஸப் குழுவில் இருநூறு பேர். வைத்தீஸ்வரன் சரி என்றால் மறுபேச்சு கிடையாது.

மட்டாஞ்சேரியில் எண்பது வருஷம் கிடந்த தபால்தலையில் பசை தங்காது. ஜூனில் இடவப்பாதி மழை தொடங்கினால் அது இளகி ஆல்பத் தாளோடு ஒட்டிக்கொள்ளும், பூஞ்சை பிடிக்கும். அதற்குப் பயந்தே இங்குள்ளவர்கள் வெதுவெதுப்பான தண்ணீரில் பசையைக் கழுவி உலர்த்தி வைப்பார்கள். அவர் பின்புறப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பல் நுனிவரை பசை வழிந்து பளபளத்தது. அச்சகத்தில் பசை பூசிக் காய்ந்த பிறகே துளை போடுவார்கள், நுனிக்குப் பசை ஏற வழியில்லை. இந்த ஆராய்ச்சிகூட அவருக்குத் தேவைப்படவில்லை. முப்பது வருஷத்துக்கு முன் ஒரு மழைக்காலத்தில், நண்பர் பிச்சுமணியின் சமையலறையில், அவருடைய ஆல்பத்துத் தபால்தலையான இதைத் தண்ணீரிலிருந்து எடுக்கும்போது அந்தப் பல்லை ஒடித்தவர் அவரேதான்.

பக்கத்துச் செர்லாயில் இருந்த பிச்சுமணியின் வீடு பத்து நிமிட நடை, உடனே கிளம்பிப் போனார். பிச்சுமணி மிளகுக் கம்பெனியில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். தான் விற்கவில்லை என்று அவர் சாதிக்கவில்லை. உட்காரச் சொன்னார், உள்ளே பார்த்துச் சாயா கொண்டுவரச் சொன்னார்.

“நான் எழுதினதுல ஒரு பொய் காட்டு, வைத்தி. பழைய ஆத்துத் தொகுப்பு, ஆமா. பசை இருக்கா? இருக்கு.”

“எப்போ பூசின பசைன்னு எழுதலியேடா.”

“கேட்டா சொல்லுவேன். ஆரும் கேக்கலை.”

எர்ணாகுளத்திலிருந்து ஒரு வியாபாரி வந்ததைச் சொன்னார். ஆல்பம் முழுவதையும் புரட்டி, ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்து, பசை இல்லாததற்குப் பத்தில் ஒரு பங்குதான் என்று சொல்லிவிட்டானாம். வடக்கே வாங்குகிறவர்களுக்கு முகத்தைவிட முதுகுதான் முக்கியமாம். சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார்.

“அன்னிக்கு நான் வேண்டாம்னேன். கழுவலேன்னா பூஞ்சை தின்னுடும்னு பயமுறுத்தி பேசின்ல முக்கினது ஆராக்கும்? இப்போ எனக்கு நியாயம் பறைய வந்துட்டே.”

வைத்தீஸ்வரனுடைய ஆல்பமும் கழுவியதுதான். விற்கும் எண்ணமே வராததால் அதன் விலை குறைந்ததை அவர் நினைத்துப் பார்த்ததில்லை.

“அஞ்சு மணி வரைக்கும் மிண்டாம இரு. பொய் சொல்லச் சொல்லலை. வாயைத் திறக்காதே, அவ்வளவுதான்.”

வைத்தீஸ்வரன் சாயாவைக் குடித்துவிட்டு எழுந்தார். தெருமுனையில் நின்று போனை எடுத்தபோது மணி நாலே முக்கால். வெறுமனே ‘வேண்டாம்’ என்று எழுதிப் பார்த்தார். டீச்சர் இன்று தப்பிப்பார், காரணம் தெரியாமல் அடுத்த முறை மாட்டுவார். அழித்தார். பேசாமல் இருந்துவிட்டாலும் டீச்சர் அதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொள்வார். கடைசியில் எழுதினார்: ‘வேண்டாம் டீச்சர். அது புதிதாகப் பூசிய பசை. பழைய பசையைக் கழுவியது நான்தான்.’ யார் வீட்டில் என்று எழுதவில்லை.

டீச்சர் நன்றி சொன்னார். மற்றவர்களும் ஏமாறக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில் அதை அப்படியே குழுவிலும் போட்டுவிட்டார். எடுத்துவிடும்படி வைத்தீஸ்வரன் கெஞ்சுவதற்குள் நாற்பது பேர் பார்த்தாயிற்று. அவர் யாரோடு சேர்ந்து கழுவினார் என்பது கொச்சிக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஐந்து மணிக்கு முன்பே பிச்சுமணி குழுவை விட்டு வெளியேறினார். இரண்டு முறை அழைத்தும் போனை எடுக்கவில்லை.

மறுநாள் காலை வைத்தீஸ்வரன் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தார். படம் அதேதான். விலை ஆயிரத்து எண்ணூறு. கீழே வாசகம் மாறியிருந்தது: ‘பசை கழுவியது. பின்னர் புதிதாகப் பூசியது. கழுவியவர்: வைத்தீஸ்வரன், மட்டாஞ்சேரி.’

ஏதாவது விடுபட்டிருக்கிறதா என்று தேடிப் பார்த்தார். இம்முறை பிச்சுமணி எதையும் மறைக்கவில்லை.