அய்யங்கார் அல்ல என்று எழுதித் தர மறுத்தது

எங்கள் கடைப் பலகையில் 'லிங்கம்மாள் பேக்கரி' என்றுதான் இருக்கிறது. அருப்புக்கோட்டையில் அந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்டால் யாருக்கும் தெரியாது. 'அய்யங்கார் கடை' என்றால் ஆட்டோக்காரர் மேற்கொண்டு விசாரிக்காமல் கொண்டுவந்து இறக்கிவிடுவார்.

நாங்கள் நெசவுக்காரர்கள். வீட்டில் கன்னடம் பேசுவோம். வினை அங்கேதான். 1979இல் தாத்தா சௌடையா தறியை விட்டுவிட்டு ரொட்டி சுட ஆரம்பித்தபோது, மனைவி லிங்கம்மாளிடம் உப்புக் கேட்டதும் கன்னடத்தில்தான். கன்னடத்தில் உப்புக்கு உப்புதான் என்றாலும், கன்னடம் பேசிக்கொண்டு ரொட்டி சுடுகிறவர் பெங்களூர் அய்யங்காராகத்தான் இருக்க வேண்டும் என்று ஊர் முடிவுகட்டிவிட்டது. தாத்தா மறுத்தார். அடக்கமான மனுசன் என்றார்கள். அவர் ஆட்டுக்கறி வாங்கப் போனால் கறிக்கடைக்காரர், "சாமி, இது யாருக்கு?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பாராம்.

மறுக்கும் வேலை அப்பா கார்த்தீஸ்வரனுக்கு வந்தது. "பன்னு பத்து ரூவா. நாங்க அய்யங்கார் இல்ல" என்று இரண்டையும் சேர்த்தே கொடுப்பார்.

போன தை மாதம் எதிரே நிஜமான அய்யங்கார் பேக்கரி திறந்தார்கள். நிஜம் என்றால், பலகையில். பதினேழு ஊரில் கிளை. கல்லாவில் இருந்தது என்னோடு காலேஜில் படித்த நரிக்குடி மருதுபாண்டி. ஊர் அதற்குப் 'புதுக்கடை' என்று பெயர் வைத்தது. அங்கே போனில் ஆர்டர் சொன்ன கேக்கை வாங்க, ஜனங்கள் எங்கள் கடையில் வந்து நின்றார்கள்.

மாசியில் அவர்களுடைய மேனேஜர் ஒரு தாளோடு வந்தார். கூடவே எங்கள் கட்டடத்துக்காரர் பாண்டிராஜ். 'நாங்கள் அய்யங்கார் அல்ல' என்று அப்பா கையெழுத்துப் போட்டு, அதையே பலகையாக எழுதி வாசலில் மாட்ட வேண்டுமாம்.

"போட்ருங்க கார்த்தீசு. இல்லேன்னா காலி பண்ணச் சொல்லணும். இவுக இந்த எடத்தையும் கேக்குறாக" என்றார் பாண்டிராஜ்.

அப்பா ஆனந்தக் கண்ணீரோடு கையெழுத்துப் போடுவார் என்று பேனாவை எடுத்து நீட்டினேன். அவர் தாளை இரண்டு முறை படித்தார்.

"முப்பது வருசமா ஓசியில இதைத்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன்."

"அப்பறமென்ன?" என்றார் பாண்டிராஜ்.

"மாட்டேன்."

மேனேஜர் குழம்பினார். "சார், நீங்க அய்யங்கார் இல்லதான?"

"இல்ல."

"அதை எழுதித்தான கேக்குறோம்?"

"ஒங்க கடையில எத்தனை அய்யங்கார் இருக்காகன்னு மொதல்ல நீங்க எழுதி மாட்டுங்க. அதுக்குக் கீழ நான் மாட்டுறேன். எஞ் சனங்க என்னை என்னமும் கூப்புடுவாக. நீங்க யாருய்யா அதைத் திருத்த?"

எதிர்க்கடைக் கல்லாவிலிருந்து மருதுபாண்டி சிரித்தது எங்களுக்கே கேட்டது. மேனேஜர் தாளை மடித்தார்.

"அப்பச் சரி. முப்பது நாள்ல காலி பண்ணிருங்க" என்றார் பாண்டிராஜ்.

பன் அடுக்கிக்கொண்டிருந்த அம்மா சங்கரி நிமிர்ந்தாள். "முப்பது நாள் எதுக்கு?" என்றவள் என் பக்கம் திரும்பினாள். "ஏலே பாலமணி, கடப்பாரைய எடு. அடுப்பு எங்க மாமனார் கட்டுனது. அதை விட்டுட்டுப் போக மாட்டோம்."

"தாராளமா எடுத்துக்கங்க" என்று உள்ளே வந்து பார்த்த பாண்டிராஜ் நின்றுவிட்டார். கடைக்குத் தனியாகப் பின்சுவர் கிடையாது. அடுப்பின் முதுகுதான் பின்சுவர். கூரை அதன்மேல் உட்கார்ந்திருந்தது.

"ஏத்தா, இதை எடுத்தாக் கூரை எறங்கிருமே."

"எறங்கட்டும்ணே. கூரை ஒங்களுதுதான."

அப்பா கடப்பாரையை வாங்கி ஒரு போடு போட்டார். ஒரு செங்கல் பெயர்ந்து விழுந்தது. மேலிருந்து மண் கொட்டியது. மேனேஜர் தலையைத் தட்டிக்கொண்டே, "கூரை இல்லாத எடம் எங்க கம்பெனிக்கு ஒத்து வராது சார்" என்று வெளியேறினார்.

அப்பா இரண்டாவது போடுக்கு ஓங்கினார்.

"நிறுத்துய்யா. நீங்களே இருங்க" என்றார் பாண்டிராஜ். "அந்தக் கடப்பாரைய மட்டும் உள்ள கொண்டுபோய் வைக்கச் சொல்லுத்தா."

"அது அங்கனயே சாத்தியிருக்கட்டும்ணே" என்றாள் அம்மா.