ரிகாவில் கற்ற பாட்டும் வேப்பனப்பள்ளி மழையும்

ஓசூர் வால்வு கம்பெனி சூப்பர்வைசர் சௌந்தரராஜன் 1987இல் ஆறு மாதப் பயிற்சிக்கு லாட்வியாவின் ரிகா நகருக்குப் போனார். திரும்பியபோது மதுரைப் பேச்சைத் தவிர மற்றதெல்லாம் மாறியிருந்தது. அங்கே நடுக்கோடையில் ஆண்கள் தலையில் இலை வளையம் சூடி, நெருப்பைத் தாண்டி, ஒருவரையொருவர் பாட்டாலேயே கிண்டல் செய்வார்களாம். யாரும் கோபிக்கக் கூடாதாம். அந்தப் பழம்பாட்டை இளவட்டங்கள் கிடாரில் அதிரவிட்ட கேசட்டை அவர் போட்ட போட்டில், லேத் மிஷின்கூட அந்தத் தாளத்துக்கே சுற்றியது.

ஃபோர்மேன் பதவி காலியாக இருந்தது. ஆண்டு விழாவில் ஜெனரல் மேனேஜரை அசத்திவிட்டால் அது தமக்குத்தான் என்று நம்பினார். மூன்று வருடமாக மழையில்லை. ஆகவே நம்மூர் மழைப்பாட்டையே ஆர்க்கெஸ்ட்ராவில் ஏற்றுவது என்று முடிவாயிற்று.

பாட்டு தெரிந்தவள் கேன்டீனில் வேலை பார்த்த வேப்பனப்பள்ளி நாராயணம்மா. மழை பொய்த்தால் வைக்கோலில் கொடும்பாவி கட்டி, மாலை போட்டு, தெருத்தெருவாக இழுத்து, அதன் பாவங்களைச் சொல்லி ஒப்பாரி வைப்பது வழக்கம். பொம்மையில்லாமல் யாரைப் பார்த்து அழுவது என்று கேட்டாள். மேடையில் வைக்கோல் நாகரிகமில்லை என்றுவிட்டார் சௌந்தரராஜன்.

விழாவன்று டிரம்ஸ் முழங்க, தலையில் மாவிலை வளையமும் கழுத்தில் சாமந்தி மாலையுமாக நடுமேடையில் விறைத்து நின்றார். நாராயணம்மாவுக்குச் சந்தேகம் தீர்ந்தது. கேன்டீன் பெண்கள் அவரைச் சுற்றி உட்கார்ந்து மாரடிக்கத் தொடங்கினார்கள்.

“பத்து நிமிசம் லேட்டுன்னு பாதி நாள வெட்டுனயே,
புள்ளத்தாச்சி லீவு கேட்டா பேதின்னு எழுதுனயே...”

எண்ணூறு தொழிலாளர்களும் கூடவே பாடினார்கள். பெங்களூர்க்காரரான ஜெனரல் மேனேஜர், பக்கத்திலிருந்தவரிடம் ஒவ்வொரு வரிக்கும் கன்னடத்தில் அர்த்தம் கேட்டு டைரியில் குறித்துக்கொண்டார். கோபிக்கக் கூடாது என்று சொன்னவரே சௌந்தரராஜன்தானே. பல்லைக் காட்டிக்கொண்டே நின்றார்.

நாற்பத்தோராவது பாவத்தில் மழை பிடித்தது. மழையா அது? பக்கத்துத் தளி ஊரில் முட்டைக்கோசு தோட்டத்தோடு மிதந்தது. ஊத்தங்கரை பஸ் நீந்தியே வந்து சேர்ந்தது.

ஃபோர்மேன் பதவி லேத் மிஷின் ஓட்டும் மாதப்பனுக்குப் போனது. சௌந்தரராஜனுக்கு குஜராத் கிளைக்கு மாற்றல். தலை தப்பியது என்று அவர் பெட்டி கட்டும்போது, வேப்பனப்பள்ளியிலிருந்து இரண்டு லாரி ஜனம் கேட்டில் வந்து இறங்கியது. நாராயணம்மா ஜெனரல் மேனேஜர் முன்னால் கைகூப்பி நின்றாள்.

“அவர எங்கியும் அனுப்பிடாதீங்க சாமி. வெறும் வைக்கோல வச்சிகிட்டு இத்தனை பாவத்துக்கு நாங்க எங்க போவோம்?”

மாற்றல் ஆர்டர் அன்றைக்கே ரத்தாயிற்று.