கொட்டாங்குச்சி மாவு

அரசூர் பக்கம் இருந்த அந்த இரும்பு வார்க்கும் பவுண்டரியில் வியாழக்கிழமைதோறும் ‘புதுசா யோசிப்போம்’ என்று ஒரு கூட்டம் நடக்கும். தொடங்கி வைத்தவள் கீதா. உலோகவியலில் முனைவர் பட்டம் வாங்கி, ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைவியாக வந்தவள். “யார் வேணும்னாலும் பேசலாமுங்க. தப்பா இருந்தாலும் பரவால்லீங்க” என்று முதல் நாளே சொன்னாள்.

அன்று எழுந்தது ராசம்மாள் ஒருத்திதான். பம்பில் தண்ணீரைத் தள்ளும் சக்கரம்தான் இம்பெல்லர். அதற்குள் தண்ணீர் ஓட வழி விழுவதற்காக, வார்க்கும்போது உள்ளே ஒரு மணல் அச்சு வைப்பார்கள். கோர் என்று பெயர். பதினெட்டு வருடமாக அதைச் செய்பவள்.

“ஏனுங்க மேடம், கோர் மணல்ல துளி கொட்டாங்குச்சி மாவு கலந்தா, இரும்பு சுருங்கறப்போ கோர் வளைஞ்சு குடுக்குமுங்க, வார்ப்பு வெடிக்காதுங்க. காங்கேயத்துல அந்த மாவு கெடைக்குதுங்க.”

“அப்படியே கொஞ்சம் சீரகமும் தாளிச்சுக் கொட்டீரலாமுங்களா?” என்றாள் கீதா.

கூடமே சிரித்தது. ராசம்மாளும் சிரித்தபடி உட்கார்ந்துவிட்டாள்.

ஏழு மாதம் கழித்து, கடல்நீர் பம்புக்காகப் புது வகை எஃகில் இம்பெல்லர் வார்த்தார்கள். பத்துக்கு நான்கில் விரிசல். கீதா கலவையை மாற்றினாள், உருக்கும் சூட்டைக் குறைத்தாள். ராசம்மாளின் மகள் இனியா டிப்ளமோ முடித்து ஒரு வருடமாகச் சோதனைக்கூடத்தில் கீதாவிடம்தான் வேலை பார்த்தாள். இருவரும் நாள்கணக்காக நுண்ணோக்கியில் பார்த்தும் காரணம் பிடிபடவில்லை. கடைசியில் கீதா, கோர் செய்தவர் வாரியாக வார்ப்புகளைப் பிரித்து அடுக்கினாள். ராசம்மாளின் வரிசையில் ஒரு விரிசல்கூட இல்லை.

நேராகக் கோர் ஷாப்புக்குப் போனாள். “மாவு கலக்கறீங்களாக்கா?”

ராசம்மாளின் முகம் வெளிறியது. “தப்புத்தானுங்க. சொல்லாமக் கலந்துபோட்டேன். என்ற கையில செஞ்சது வெடிக்கறதப் பாக்க முடியலீங்க. வேலைய உட்டு நிறுத்தீராதீங்க மேடம்.”

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்லீங்க?”

“சொன்னனுங்களே.”

“அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுங்க” என்றாள் கீதா.

“நீங்க சிரிச்சதுகூடப் பரவால்லீங்க” என்றாள் ராசம்மாள், மணலைப் பார்த்தபடி. “என்ற புள்ளையும் சேந்து சிரிச்சுதுங்க.”

கீதாவுக்குக் காது மடல் எரிந்தது. அன்று இனியா முதலில் கீதாவின் முகத்தைப் பார்த்தாள், பிறகுதான் சிரித்தாள் என்பது இப்போது நினைவுக்கு வந்தது.

அடுத்த வியாழனன்று நடந்ததையெல்லாம் கீதா கூட்டத்தில் சொன்னாள். சீரகத்தையும் விடவில்லை. இனியா தலை நிமிரவில்லை. ராசம்மாள் வேலை கிடக்கிறது என்று வரவே இல்லை.

“வேற யாராவது ஏதாச்சும் சொல்றீங்களா?”

யாரும் அசையவில்லை. அதற்கடுத்த மூன்று வியாழன்களிலும் அப்படியேதான்.

ஐந்தாவது வாரம் உலையடியில் வேலை செய்யும் ரசாக், கீதாவின் அறைக்கு வந்தார். உள்ளே வந்ததும் கதவைச் சாத்தினார்.

“மேடம், ஒண்ணு தோணுதுங்க. ஆருகிட்டயும் என்ற பேரச் சொல்லீராதீங்க.”

அவர் கதவைச் சாத்தியது அவளைச் சுட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரச் சொன்னாள்.