அத்தானின் பனியன்

போன குளிர்காலத்தில் மலையுச்சிக்கு இன்னும் இருபது நிமிட ஏற்றம் இருந்தபோது மணி இரண்டாகிவிட்டது. திரும்பிவிடலாம் என்றேன். அந்த ஒரு வார்த்தைக்காக வருடம் முழுக்க எனக்கு ‘யூ-டர்ன்’ என்று பேர்.

பேர் வைத்தவர் அத்தான், என் அக்கா வீட்டுக்காரர். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் இருபது வருடமாக வேலை. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அடுத்தவர்களைக் குறை சொல்வதற்கே சம்பளம் வாங்குகிறவர். எந்த விசேஷத்தில் பார்த்தாலும், யூ-டர்ன் வருகிறாள், வழிவிடுங்கள் என்பார். அக்கா சிரிப்பாள். நானும் சிரித்துவைப்பேன். உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வரும். ஐந்து மணிக்கு இருட்டிவிடும், இறங்குவதற்கு மூன்று மணி நேரம் வேண்டும். நான் போட்ட கணக்கு சரிதான். ஆனாலும் பாத்திரம் கழுவும்போதுகூட அந்த இருபது நிமிட ஏற்றம் கண்ணுக்குள் வந்து நிற்கும். நான் விவரமானவளா, வெறும் பயந்தாங்கொள்ளியா? இந்த வருடம் எப்படியாவது உச்சியில் கால் வைத்தே தீருவது என்று முடிவு செய்தேன்.

நான் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். துணியைத் தொட்டாலே டிரையரில் இன்னும் எத்தனை நிமிடம் ஓட வேண்டும் என்று சொல்லிவிடுவேன். பருத்தியைப் போல மோசக்காரத் துணி உலகத்தில் கிடையாது. குடித்த தண்ணீரை லேசில் விடாது. வெயில் ஊரில் அது வரம். பனியில் நடக்கும்போது வேர்வையைக் குடித்துவிட்டு உடம்போடு ஒட்டிக்கொள்ளும்; நின்றால் போதும், ஐஸ் ஒத்தடம்தான். அதனால் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே, என்னோடு வரும் அக்கா, அத்தான் இருவரிடமும் கண்டிப்பாகச் சொன்னேன்: உடம்பில் பருத்தி ஒரு நூல்கூட இருக்கக் கூடாது. உள்ளே கம்பளி, மேலே காற்றைத் தடுக்கும் ஜாக்கெட். அத்தானும் தலையை ஆட்டினார்.

காலை ஏழு மணிக்கு ஏறத் தொடங்கினோம். கிளம்பும்போது கொஞ்சம் குளிர வேண்டும், அப்போதுதான் நடக்கையில் வேர்க்காது என்று நானும் அக்காவும் ஜாக்கெட்டைக் கழற்றிப் பையில் வைத்தோம். அத்தான் தன் புதுச் சிவப்பு ஜாக்கெட்டின் ஜிப்பைக் கழுத்து வரை இழுத்துவிட்டுக்கொண்டு, பஸ்ஸைத் தவறவிட்டவர் மாதிரி முன்னால் பாய்ந்தார். மெதுவாகப் போகலாம் என்று நான் சொன்னது காதில் ஏறவே இல்லை. என் பையில் தண்ணீர் பாட்டில் சாக்ஸுக்குள் தலைகீழாக இருந்ததைப் பார்த்து, பாட்டில் சிரசாசனம் செய்கிறதா என்று கேட்டார். தண்ணீர் மேல்பக்கம்தான் முதலில் உறையும், தலைகீழாக வைத்தால் மூடிப் பக்கம் உறையாமல் இருக்கும் என்றேன். மாற்றுக் கம்பளி உள்ளாடை எதற்கு, மேலே கல்யாணமா என்றார். பையை இழுத்து மூடினேன்.

பதினொன்றேகாலுக்கு, மரங்கள் முடியும் இடத்திலிருந்த மரக்குடிசையை அடைந்தோம். அதற்கு மேல் மொட்டைப் பாறையும் காற்றும்தான். ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுக் கிளம்புவதாகத் திட்டம். அந்த ஐந்து நிமிடத்திலேயே அத்தானின் பற்கள் தந்தியடிக்கத் தொடங்கின. பிளாஸ்க்கின் மூடியைத் திருகப் பார்த்தார். விரல் வழுக்கிக்கொண்டே போனது. நான் அவர் ஜாக்கெட் காலருக்குள் கையை விட்டு முதுகைத் தொட்டுப் பார்த்தேன். பிழியாமல் போட்ட துணி.

“அத்தான், உள்ள என்ன போட்டிருக்கீங்க?”

அத்தான் அக்காவைப் பார்த்தார். அக்கா கூரையைப் பார்த்தாள்.

“பனியன்தாம்மா. அது இல்லாம வெளிய வந்தா ஒண்ணுமே போடாத மாதிரி இருக்கு.”

வந்த கோபத்தில் அங்கேயே ஒரு பாட்டம் திட்டியிருப்பேன். அவர் நடுங்கியதைப் பார்த்ததும் திட்ட மனசு வரவில்லை. எல்லாவற்றையும் கழற்றுங்கள் என்றேன். கொழுந்தியாள் முன்னாலா என்று ஜாக்கெட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“நான் தினம் ஊரு உடுப்பைத் துவைக்கிறவ. கழட்டலைன்னா இப்பவே கீழ இறங்கிடலாம். யூ-டர்ன் எனக்கொண்ணும் புதுசு இல்ல.”

இறங்கினால் இந்த வருடமும் உச்சி கிடையாது. ஆனால் சும்மா மிரட்டவில்லை, நிஜமாகத்தான் சொன்னேன். அவருக்கும் அது புரிந்துவிட்டது.

நான் திரும்பி நின்று குடிசையிலிருந்த விறகடுப்பை மூட்டினேன். அக்கா அவரைத் துவட்டி, என் மாற்று உடுப்பை மாட்டிவிட்டாள். ஊதா நிறம், கழுத்தோரம் சின்னச் சின்னப் பூ. தொப்புளுக்கு மேலேயே நின்றுவிட்டது. அக்காவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. சர்க்கரை தூக்கலாகப் போட்ட சூடான டீ இரண்டு கோப்பை குடிக்க வைத்தேன்.

மணி பதினொன்று நாற்பது. இப்போதே கிளம்பு, கிளம்பு என்று மனசு அரித்தது. கையை இடுப்பில் வைத்து அதை அடக்கினேன். ஷூ கயிற்றைக் கட்டிக் காட்டுங்கள் என்றேன். முதல் தடவை விரல் சொன்னபடி கேட்கவில்லை. இன்னொரு கோப்பை டீ, இன்னும் பத்து நிமிடம். நடுக்கம் நின்றது. மறுபடியும் குனிந்தார். இரட்டை முடிச்சு, அழகாக விழுந்தது.

“போதுமா யூ-டர்ன்?” என்றார். குரலில் குழறல் இல்லை. அந்தப் பேர் எனக்கு இனித்தது அன்றைக்குத்தான்.

வெளியே என் நடை, என் வேகம். வேர்க்காத வேகம். வாழ்க்கையில் முதல் தடவையாக அத்தான் வாயைத் திறக்காமல் பின்னால் வந்தார். போன வருடம் திரும்பிய பாறையைத் தாண்டும்போது கடிகாரத்தைப் பார்த்தேன்: ஒன்று முப்பத்து மூன்று. கால் தானாக ஓடப் பார்த்தது. விடவில்லை. ஒவ்வொரு அடியாக வைத்தேன்.

ஒன்று ஐம்பத்து மூன்றுக்கு, ஏறுவதற்கு மேலே ஒன்றுமே மிச்சமில்லை. நாலா பக்கமும் வெள்ளை மலைகள், எல்லாம் எங்களுக்குக் கீழே. ஜெயித்துவிட்டேன் என்று வாய்விட்டே சொன்னேன். அழுதேன், கண்ணீர் இமையிலேயே உறைந்தது. அக்கா என்னைக் கட்டிக்கொண்டாள். பிறகு என் பைக்கு வெளியே கட்டியிருந்த பனியனை அவிழ்த்தாள். விறைத்துப் பலகையாகியிருந்தது. பனியில் நட்டுவைத்தாள். உள்ளே ஆள் இல்லாமலே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. நாங்கள் மூவரும் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டோம்.

காற்று ஓய்ந்து வெயில் அடித்தது. இன்னும் ஐந்து நிமிடம் இருந்தால் என்ன என்று எனக்கே தோன்றியது. ஒரு வருடம் ஏங்கிய இடம். நான் கடிகாரத்தைப் பார்க்காமல் நின்றேன். அத்தான் பார்த்தார். வகுப்பில் வண்டியை நிறுத்தச் சொல்வதுபோல் கையைத் தூக்கினார்.

“மணி ரெண்டும்மா. யூ-டர்ன் போடு. நாங்க உன் பின்னாடியே வர்றோம்.”

பனியனைப் பிடுங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நான் முன்னால் இறங்கினேன்.