‘மி’ வரிசைப் பாட்டுகள்

1

இந்தக் கதையை ஒரு பட்டியலிலிருந்து திருடினேன். பட்டியலும் நான் போட்டதுதான் என்பதால் யாரும் வழக்குத் தொடுக்க முடியாது.

ஜப்பானின் உவாஜிமாவில், பக்கவாதம் வந்து பேச்சுப் போனவர்கள் பகலில் வந்து போகும் ஒரு மையத்தில் பத்தொன்பது ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். பேச்சை இழந்த சிலருக்கு ஒரு சொல்லின் முதல் அசையை நாம் சொல்லிக் கொடுத்தால், மீதி தானாக வரும். பேசவே முடியாத சிலர் பாடிவிடுவார்கள். அதனால் பழைய ஜப்பானிய சினிமா, வானொலிப் பாட்டுகளை எல்லாம் தலைப்பின் முதல் அசைப்படி பிரித்து ஒரு கோப்பில் சேர்த்தேன். ம, மி, மு என்று நம் ஒன்றாம் வகுப்புப் பலகை மாதிரியே போகும்.*

(* ஜப்பானிய வரிசையின் கடைசி எழுத்து ‘ன்’. அதில் தொடங்கும் பாட்டு எனக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. எழுத்து மனம் நோகக் கூடாதே என்று ஒரு வெற்றுத்தாள் வைத்திருக்கிறேன்.)

2

முதல் தொடக்கம்: “இவாமுரா கென்சாகு தம் அறுபத்தெட்டாம் வயதில் சொற்களை இழந்தார்.” இரங்கல் செய்தி போல இருக்கிறது. அடித்துவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: “ஆரஞ்சுத் தோப்பில் ஏணியின் உச்சியில் நின்றபடி கென்சாகு…” தோப்பு அவருடையதுதான், ஆனால் அன்று அவர் ஏணியில் நிற்கவில்லை. ஏணி என் பேராசை. அவர் வீட்டில் உட்கார்ந்து நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையிலிருந்த குச்சி நழுவிக் கீழே விழுந்தது. “விழுந்தத எடுத்தா கை தேஞ்சுடுமா?” என்று அவர் மனைவி தோக்கியே திட்டினார். திட்டி முடிப்பதற்குள் கென்சாகு சாய்ந்துவிட்டார்.

இதைத் தோக்கியே என்னிடம் மூன்று முறை சொல்லிவிட்டார். கதையில் வேண்டாம் என்றுதான் நினைத்தேன். மூன்று முறை சொன்னதை எப்படி விடுவது?

அதன்பிறகு கென்சாகுவிடம் மிஞ்சியது “ஆ” மட்டும். நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரியும். பதில்தான் வராது.

3

நான்கு மாதம் அ, க, ச என்று பக்கம் பக்கமாகப் போனோம். ஒன்றரை வரி பாடுவார், நின்றுவிடுவார். பாட்டின் சூட்டிலேயே சொந்தமாக ஒரு சொல் வந்துவிடாதா என்று காத்திருப்போம். வராது.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை ‘மி’ பக்கத்தைத் திறந்தேன். மொத்தம் பதினோரு பாட்டு. தோக்கியே நிமிர்ந்து உட்கார்ந்தார். மரியாதைக்கு என் பெயரோடு ஒரு ‘சான்’ சேர்த்துத்தான் பேசுவார்.

“இன்னிக்குப் பாருங்க மாலதி சான், ‘மிகான்’னு சொல்லிடுவாரு. நாப்பது வருஷமா ஆரஞ்சு மூஞ்சிலதான முழிக்கிறாரு, என் மூஞ்சிலயா முழிக்கிறாரு?”

மிகான் என்றால் ஆரஞ்சு. நான் “மி…” என்று இழுத்தேன். கென்சாகு பிடித்துக்கொண்டார். ஒரு சரணம் முழுக்கப் பாடினார், பிசிறில்லாமல். பாடி நிறுத்தி, மூச்சு வாங்கி, தெளிவாகச் சொன்னார்:

“மிதோரி.”

நான் கைதட்டினேன். தோக்கியேவின் கை அசையவில்லை.

மிதோரி என்றால் பச்சை. பெண்களுக்கும் அந்தப் பெயர் வைப்பார்கள்.

“மலையப் பாத்துப் பச்சைன்னு சொல்றாரு,” என்று ஜன்னலைக் காட்டினேன்.

“பச்சைய நெனச்சு எந்த ஆம்பளைக்காவது கண்ணு கலங்குமா?” என்றார் தோக்கியே.

கலங்கித்தான் இருந்தது. நானும் பார்த்தேன்.

4

இந்த இடத்தில் எனக்கு ஒரு சங்கடம். தோக்கியேவைப் பொறாமைக்காரியாக எழுத மனம் வரவில்லை. ஆனால் மறுநாள் அவர் பொரித்த மீன் அடைப் பொட்டலத்தோடு வந்து நின்றது உண்மை.

“அந்தப் பக்கத்த எடுத்துடுங்க.”

“அவர் பேசின மொத வார்த்தை அது, தோக்கியே சான்.”

“அதான் சொல்றேன். நாலு மாசமா வீட்ல, நீங்க நகல் எடுத்துக் குடுத்த ‘தோ’ பக்கத்தத் திறந்து வெச்சுட்டு எதிர்ல உக்காந்திருக்கேன். என் பேரோட மொத எழுத்து. ஒரு நாள் வந்துச்சா? அவ பேரு மட்டும் திறந்த அன்னிக்கே வருது.”

“அவ யாருன்னு தெரியுமா?”

“தெரிஞ்சா இங்க எதுக்கு வர்றேன்? அவ வாசலுக்கே போயிருக்க மாட்டேன்?”

நான் செய்திருக்கக் கூடாது. செய்தேன். [இங்கே என்னை நியாயப்படுத்தி ஒரு நீண்ட பத்தி இருந்தது. நீக்கிவிட்டேன். மீன் அடை காரணம் இல்லை என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.] பக்கத்தைக் கிழித்து இழுப்பறைக்குள் வைத்தேன்.

5

மூன்று வாரம் கென்சாகு பாடவில்லை. கோப்பைத் தானே எடுப்பார். ‘ம’. புரட்டினால் ‘மு’. திரும்பவும் ‘ம’. இடையில் கிழிந்த ஓரத்தைக் கட்டைவிரலால் தடவுவார். என்னைப் பார்ப்பார். நான் தேநீர்க் கோப்பையைப் பார்ப்பேன். பிறகு அந்த “ஆ”வும் நின்றுபோனது.

நான்காம் செவ்வாய் தோக்கியே அவருக்கு முன்னால் உள்ளே வந்தார்.

“பக்கத்தக் குடுங்க.”

“எரிக்கவா?”

“ஒட்டறதுக்கு.” கையில் ஒட்டுநாடா கொண்டுவந்திருந்தார். “நேத்து தோப்புல அவரு மரம் மரமாப் போயி எலையத் தொட்டுத் தொட்டு வாயத் திறக்கறாரு. சத்தமே வரல. எலையச் சொல்றாரா, அவளச் சொல்றாரான்னு எனக்குத் தெரியாது. ஆனா அந்த மனுஷன்கிட்ட சொத்துன்னு இருந்தது ஒரே ஒரு சொல்லு. அதப் போயி நான் பிடுங்கி வெச்சிருக்கேனே.”

கோணலாக ஒட்டினார். கென்சாகு வந்து உட்கார்ந்ததும், தோக்கியே என்னைத் தள்ளிவிட்டுத் தானே “மி…” என்று எடுத்தார். சுருதிக்கும் தோக்கியேவுக்கும் ஏழாம் பொருத்தம். கென்சாகு முகம் சுளித்தார். பிறகு, அதைத் திருத்துவதற்காகவே என்பதுபோல, சேர்ந்துகொண்டார்.

பாட்டு முடிந்தது. “மிதோரி,” என்றார்.

“ம். மிதோரி,” என்று தோக்கியே நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டார். “அவளுக்கென்ன? சொல்லுங்க, கேக்கறேன்.”

கென்சாகு சிரித்தார். அவரிடம் நான் கேட்ட முதல் சிரிப்பு. தோக்கியேவின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு “மிதோரி, மிதோரி, மிதோரி” என்று நிறுத்தாமல் சொன்னார், ஊர்க்கதை சொல்வதுபோல ஏற்ற இறக்கத்தோடு. தோக்கியே சரியான இடங்களில் “அப்பறம்?” போட்டுக்கொண்டிருந்தார்.

6

இப்போது கென்சாகுவிடம் ஆறு சொற்கள் இருக்கின்றன. ‘தோக்கியே’ இன்னும் வரவில்லை. அதை வரவழைத்து முடித்தால் கதை நன்றாக இருக்கும் என்று எனக்கும் தெரியும். வராததை எப்படி எழுத?

மிதோரிக்கு மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். சிறுவயதில் செத்துப்போன தங்கை. திருவிழாவில் கூட நடனமாடிய பெண். வெறும் இலை. மூன்றையும் தோக்கியேவுக்குப் படித்துக் காட்டினேன். ஆரஞ்சு உரித்தபடி கேட்டார்.

“மத்சுயாமால இருக்கற அவரு அண்ணனுக்குத் தெரியும். போனக் கையில எடுத்துட்டேன். அப்பறம் வெச்சுட்டேன்.”

“ஏன்?”

“அவரு சொல்லித் தெரியணும். நானே தெரிஞ்சுக்கிட்டா, அப்பறம் எனக்குச் சொல்ல அவருக்கு என்ன மிச்சம்?”

சுளை ஒன்றை என்னிடம் நீட்டினார்.

“உங்க ஊர்க்காரங்க படிப்பாங்கல்ல? அவங்களே வேணுங்கறத வெச்சு முடிச்சுக்கட்டும். எலையோ, தங்கச்சியோ, யாரோ. ஆனா ஒண்ணு மாலதி சான், அவ அழகா இருந்தான்னு மட்டும் எவனும் முடிவு பண்ணக் கூடாது. சொல்லிட்டேன்.”