அடிச்சி ஏத்துன பதில்

எங்க வூட்டுக்காரன் ஏசுராஜுக்கு மூளை கையிலதான் கீது. எங்க பொண்ணு ஆஷா நாலாவது படிக்கிறா. எழுத்த மட்டும் எத்தினி தபா சொல்லிக்குடுத்தாலும் மண்டையில நிக்காது. அதுக்குத் தெனமும் பெல்ட்டு. ஸ்கூல்ல எங்களக் கூப்ட்டு, "இவளுக்கு ஏன் எழுத்து வரலன்னு அடையாறுல டெஸ்ட் எடுத்து ரிப்போர்ட் கொண்டாங்க, இல்லன்னா வேற ஸ்கூல் பாத்துக்கோங்க"ன்னுட்டாங்க.

குப்பத்துல மீன் விக்கிற எனக்கு அதப் பத்தி இன்னா தெரியும்? பரீட்சைன்னா பரீட்சைதானேன்னு இருந்துட்டேன். எங்க வூட்டுக்காரனுக்கும் அதே நெனப்பு. பக்கத்து வூட்டு ஜான்சனோட பையன் போன மாசம் அதே எடத்துக்குப் போய்ட்டு வந்தவன். அவனப் புடிச்சி கேள்வியெல்லாம் கறந்துட்டான் பாவி. வுட்டானா? ஆஷாவ உக்கார வெச்சி பதில உருப்போட வெச்சான். ஒரு பதில் மாறுனா ஒரு அடி. குறுக்க போன எனக்கும் வாயி கிழிஞ்சி ரத்தம் வந்துச்சி.

அடையாறு போனோம். டெஸ்ட் எடுக்கிற ஜுவேரியா மேடம் ஆஷாவ மட்டும் உள்ள கூட்டிக்கினு போச்சி. கொஞ்ச நேரத்துல எங்களையும் கூப்டுச்சி. போய்ப் பாத்தா, எம்பொண்ணு ரெண்டு கையாலயும் தலைய மறைச்சிக்கினு, கண்ண இறுக்கி மூடிக்கினு, கேள்வியே கேக்காம கடகடன்னு ஒப்பிச்சிக்கினு கீறா. "நாலு கால். மேற்கு. தீயணைப்பு வண்டி. ஏழு நாளு."

"இது உருப்போட்டு எழுதற பரீட்சை இல்லைங்க. குழந்தை தானா எப்படி யோசிக்கிறான்னு பாக்கிறது. இப்ப இந்த டெஸ்ட் வீணாப் போச்சு"ன்னு மேடம் சொல்லுச்சி. "ஆனா இவ்வளவையும் காதால கேட்டே புடிச்சிருக்கா பாருங்க. இவளையா மக்குன்னு அடிக்கிறீங்க?"

வீணாப் போச்சுங்கறது மட்டுந்தான் அவன் காதுல வுழுந்துச்சி. "மானத்த வாங்கிட்டியேடி"ன்னு ஆஷா முடியப் புடிச்சி செவுத்துல மோதப் போனான். நான் பாஞ்சி அவன் கையக் கடிச்சேன். எலும்புல பல்லு பட்டும் வுடல. கத்திக்கினே என் வயித்துல ஒதைச்சான், மேசை சாஞ்சிச்சி, மேடம் போட்ட கூச்சல்ல வாட்ச்மேன் ஓடியாந்தாரு. அந்தாளும் நானுமா அவன வெளிய தள்ளிட்டு, நான் உள்ள தாப்பா போட்டேன். இனி அந்த வூட்டுப் பக்கம் போவேனா? கூப்ட வந்தான்னா செருப்பால அடிப்பேன்.

மேடம் போலீசுக்கு ஃபோன் போட்டுட்டு, தரையில ஆஷா பக்கத்துல உக்காந்துச்சி. "வேற டெஸ்ட் இருக்கு கண்ணா, இன்னொரு நாள் பாத்துக்கலாம். இப்ப சும்மா பேசலாம். கடல் தண்ணி ஏன் உப்பா இருக்கு?"

வெளிய அவன் கதவ ஒதைச்சிக்கினே இருந்தான். ஆஷா வாயத் தொறந்தா, மூடுனா, என்னப் பாத்தா.

"சொல்லு கண்ணு. அம்மா கீறேன்ல"ன்னேன்.

"தெர்ல மிஸ்."

எங்க வூட்ல அந்த வார்த்தைய அவ ஒரு நாளும் சொன்னதில்ல. சொல்லிட்டு, அடி வுழும்னு தோள ஒடுக்கிக்கினா. அடி வுழல. மெதுவா ஒரு கண்ண மட்டும் தொறந்து பாத்தா.